ஜிஸ்யா கட்டிய ஏழையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முஸ்லிம் அரசர்கள் தம் ஆட்சியில் இருந்த முஸ்லிம் அல்லாதவர்களிடம் வாங்கிய ஜிஸ்யா வரி பற்றிச் சென்ற இதழில் வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். மதம் மாற்றுவதற்கென்றே போட்ட வரி அது என்கிறார் ஒருவர். முஸ்லிம்கள் ஸகாத் என்ற கட்டாய தருமம் கொடுத்தார்கள், மற்றவர்கள் ஜிஸ்யா கொடுத்தார்கள், இரண்டும் சமம்தான் என்கிறார் மற்றவர். 30 வருடம் வரி அலுவலகத்தில் பேரேடு எழுதியவன் நான். இரண்டு பேருமே அந்த வரியைக் கட்டியவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

சமம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸகாத் சொத்தின் மீது விழுவது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சொத்து வைத்திருப்பவர் ஒரு காசும் தர வேண்டாம். ஜிஸ்யாவோ வயதுவந்த ஆண் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று விதிக்கும் தலைவரி. கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் தலைமை நீதிபதியாக இருந்த அபூ யூசுஃப் வரிகளைப் பற்றிய தம் கராஜ் நூலில் செல்வந்தருக்கு வருடத்துக்கு 48 திர்ஹம் (வெள்ளிக் காசு), நடுத்தரத்தாருக்கு 24, கைத்தொழில் செய்பவருக்கு 12 என்று வகுக்கிறார். பெண்கள், குழந்தைகள், பிச்சையெடுத்துப் பிழைப்பவர்கள், வேலை செய்ய முடியாத ஊனமுற்றோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. வரிக்காக யாரையும் அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். நல்ல வார்த்தைதான். ஆனால் அப்படி ஒரு விதியை எழுத வேண்டி வந்ததென்றால் வசூல் எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வரி கட்ட வருபவனை அவமதித்தே வாங்க வேண்டும் என்று எழுதிய சட்ட அறிஞர்களும் உண்டு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவி மறுத்தார். நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின், அதாவது அந்தச் சட்டப் பிரிவின், பெரிய அறிஞர் அவர். இதை உங்கள் கட்டுரையாளர்கள் இருவருமே விட்டுவிட்டார்கள்.

அடுத்து, மதமாற்றம். வரிச்சுமை தாங்காமல் மதம் மாறியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசு அதை விரும்பியதா? உமய்யா வம்சக் கலீஃபாக்களின் ஆட்சியில் இராக்கின் ஆளுநராக இருந்த ஹஜ்ஜாஜ், இஸ்லாத்தில் சேர்ந்து நகரங்களுக்கு வந்த விவசாயிகளைத் திரும்ப ஊருக்கே விரட்டி வரி கட்ட வைத்தார். வருமானம் குறைந்ததுதான் அவருடைய கவலை. 717இல் பதவிக்கு வந்த கலீஃபா இரண்டாம் உமர், மதம் மாறியவரிடம் ஜிஸ்யா வாங்கக் கூடாது என்று ஆணையிட்டார். நபியை இறைவன் வழிகாட்டியாகவே அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள். கஜானாவைக் காப்பாற்ற நினைத்த அதிகாரிகளிடம் அவர் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு மனசு அதிகம் போவது எகிப்துக்கு. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா யூதக் கோயிலின் அறையொன்றில் நூற்றாண்டுக் கணக்கில் காகிதங்கள் குவிந்து கிடந்தன. கடவுளின் பெயர் எழுதியிருக்கலாம் என்பதால் கிழித்து எறியாமல் போட்டுவைத்தவை. கணக்குகள், ஒப்பந்தங்கள், கடிதங்கள் எல்லாம் அதில் கலந்திருந்தன. மலபார்க் கரையில் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யீஜுவின் கடிதங்களும் அந்தக் குவியலில் கிடைத்தவைதான். 1897 வாக்கில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்.

அந்தக் கடிதங்களில் ஜிஸ்யா திரும்பத் திரும்ப வருகிறது. வசூலிக்க வருபவனுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்கள், கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர்கள், வெளியூர் போகும்போது வரி கட்டிய ரசீது கையில் இல்லாமல் மாட்டிக்கொள்வோமோ என்று தவிப்பவர்கள், ஏழைகளின் வரியைக் கட்டச் சமூகத்தில் பணம் திரட்டுபவர்கள். இவற்றை வாழ்நாள் முழுக்கப் படித்த வரலாற்றாசிரியர் எஸ்.டி. கோய்டைன், ஜிஸ்யா பெரிய சுமை இல்லை என்று முதலில் தாமும் நினைத்ததையும், கடிதங்களைப் பார்த்தபிறகு கருத்தை மாற்றிக்கொண்டதையும் ஒளிக்காமல் எழுதினார். பணக்கார வணிகனுக்கு அது பொருட்டே இல்லை. கூலிக்காரனுக்கு அது வருடம் முழுவதும் துரத்தும் பயம். ஏழைக்கு விலக்கு என்பதையும் எல்லா மத்ஹபும் ஏற்கவில்லை. கட்ட முடியாதவன் பெயரில் அது கடனாக நிற்கும் என்பதுதான் ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து.

நம் நாட்டுக்கு வருவோம். அக்பர் 1564இல் நீக்கினார், ஔரங்கசீப் 1679இல் மீண்டும் போட்டார் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஔரங்கசீப் போட்ட விகிதத்தை யாரும் சொல்லித் தரவில்லை. 200 திர்ஹத்துக்குக் கீழே சொத்துள்ளவருக்கு 12, அதற்கு மேல் 10,000 வரை 24, அதையும் தாண்டினால் 48. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200ஐ எட்டாதவர் கொடுப்பது நூற்றுக்கு 6க்கும் மேல். 10,000 தாண்டியவர் கொடுப்பது நூற்றுக்கு அரைகூட இல்லை. டெல்லியில் துணி வியாபாரிகளும் கைவினைஞர்களும் பேரரசர் தொழுகைக்குப் போகும் வழியை மறித்ததையும், யானைகளை ஏவிக் கூட்டத்தைக் கலைத்ததில் பலர் மிதிபட்டதையும் காஃபி கான் என்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர்தான் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு மனிதனின் மதத்தைப் பார்த்து வரி போடுவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைய உலகத்தில் பல அரசுகள் அப்படித்தான் நடந்தன என்ற சமாதானம் அந்தக் கூலிக்காரனுக்கு உதவாது. அதே சமயம் அவன் பட்ட துன்பத்தை எடுத்து இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மீது வீசுவதும் அவனுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை போடும்போது ஃபுஸ்தாத் கடிதங்களில் இரண்டு மூன்றையாவது தமிழில் மொழிபெயர்த்துப் போடுங்கள் ஐயா. பக்கம் போதாது என்றால் என் கடிதத்தைக்கூடச் சுருக்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரி அலுவலக எழுத்தர்,
திருச்சி