அந்த எண்ணை உனக்கு எழுத மாட்டேன்

அன்புள்ள செல்வி,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டப்போவது தெரியும். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. பெரியவளுக்குத் தேர்வு நேரம் என்பதால் வீட்டில் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. நம் ஆசிரியர் 'அளவுநாடா' ஒரு நாள் தொலைபேசியில் பேசினார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதட்டல் குறையவில்லை. "மரத்தை அளந்தாயா, மனக்கணக்கை அளந்தாயா?" என்று அதே கேள்வி. உன்னையும் விசாரித்தார். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கட்டிக்கொண்டு அழுத அந்த மர-பயிர் மாதிரி, மரமும் பயிரும் ஒரே வயலில் சேர்ந்து வளர்வதைக் கணக்கிடும் அந்தக் கணினி நிரல், ஒருவழியாக விடை கொடுத்துவிட்டது. நிலச் சமான விகிதம், அதாவது ஓர் ஏக்கரில் இரண்டும் சேர்ந்து தருவதைத் தனித்தனியாக விளைவிக்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்ற எண், ஒன்றுக்கு மேல், தாராளமாகவே மேல். எவ்வளவு என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நீயும் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்துவிடுவாய். இங்கே எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். கூட்டத்தில் எங்கள் அலுவலகப் பெரியவர் அந்த எண்ணைப் பலகையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு, "அறிக்கையின் அட்டையிலேயே போட்டுவிடலாம்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. சண்டை போட்டேன். நீ இருந்திருந்தால் என் காலை மிதித்து உட்கார வைத்திருப்பாய்.

1980-இல் மீடும் வில்லியும் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியபோது அவர்கள் கண்முன் இருந்தது ஊடுபயிர். இரண்டு பயிர், ஒரே பருவம், இரண்டையும் அறுத்து எடை போட்டுவிடலாம். அந்தக் கணக்கைத் தூக்கி முப்பது ஆண்டு நிற்கப்போகும் மரத்தின் தலையில் வைத்தால் எல்லாம் நெளிகிறது. பயிர், தனியாக விளைவதில் 70 விழுக்காடு, மரம், தனித்தோப்பு தருவதில் 60 விழுக்காடு, கூட்டினால் 1.3. நல்லது. ஆனால் அந்தத் தனித்தோப்பு எப்படிப்பட்ட தோப்பு? நெருக்கி நட்டு, களைந்து விடாமல், கவனிப்பாரற்றுக் கிடந்து, தர வேண்டியதில் முக்கால் பங்கே தந்த தோப்பாக இருந்தால், அதே மரங்களின் பங்கு 60-லிருந்து 80 ஆகிவிடுகிறது. மொத்தம் 1.5! வயலில் ஒரு குச்சிகூடக் கூடுதலாக விளையவில்லை. ஒப்பிட்ட தோப்பு மோசம், அவ்வளவுதான். பயிர் பக்கமும் இதே கூத்துதான். மர வரிசைகளுக்கு இடையே 12 மீட்டர் விட்டு, வரிசையை ஒட்டி 2 மீட்டர் விதைக்காமல் விட்டால் ஆறில் ஒரு பங்கு நிலம் போயிற்று. விளைச்சலை விதைத்த பரப்புக்குக் கணக்கிட்டார்களா, மொத்தப் பரப்புக்கா என்று தேடினால், பல அட்டவணைகளில் அந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

இது கணக்கெழுதுகிறவர்களின் குறும்பு என்று விட்டுவிடலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. ஒளி.

இலைப்பரப்புக் குறியீட்டை (ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு எத்தனை சதுர மீட்டர் இலை) எடு, ஒளி மங்கும் குணகத்தால் பெருக்கு, இலை கூடக் கூட ஒளி எப்படிக் குறையும் என்று சொல்லும் பீரின் விதியில் போடு, மரம் எவ்வளவு ஒளியை மறித்தது என்று வந்துவிடும். நம் இரண்டாம் ஆண்டிலேயே மனப்பாடம். குணகம் 0.5, குறியீடு 1 என்றால் 39 விழுக்காடு மறிபடும். சரி. ஆனால் மரங்கள் நிலம் முழுக்கச் சமமாகப் பரவியா நிற்கின்றன? அதே இலை முழுவதும் நிலத்தின் கால் பங்குக்கு மேல் மட்டும் திரண்டு நிற்கிறது என்று வை. அந்தக் கால் பங்கில் குறியீடு 4. அங்கே 86 விழுக்காடு மறிபடுகிறது, மற்ற முக்கால் பங்கில் ஒன்றுமே இல்லை. சராசரி 22 விழுக்காடு. ஓர் இலைகூடக் கூடவில்லை, குறையவில்லை. 39 எங்கே, 22 எங்கே! ஒருவன் தலைக்கு மேல் பிடித்திருக்கும் குடையையும், அதே துணியைப் பிரித்து வயல் முழுக்க மெல்லியதாகக் கட்டிய பந்தலையும் ஒன்றென்று சொல்கிறது இந்தச் சராசரி. அதுவும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் என்ற கற்பனையில்தான். காலையிலும் மாலையிலும் நிழல் சாய்ந்து வரிசைகளுக்கு நடுவே நடக்கிறதே, அதை எங்கே வைப்பது? வரிசை வடக்கு-தெற்கா கிழக்கு-மேற்கா, இடம் எந்த அட்சரேகையில் என்பதைப் பொறுத்து நிழலின் பங்கீடே மாறுகிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது, "அப்படியானால் பயிருக்கு இன்னும் கூடுதல் ஒளிதானே, விகிதம் இன்னும் ஏறும், நல்லதுதானே?" என்று ஒரு பையன் கேட்டான். கெட்டிக்காரப் பையன், ஆனால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அடேய், மரம் பிடிக்கும் ஒளி குறைந்தால் மரமும்தானே குறையும்!

ஒளிக்கு அடுத்தது நீர். நான் ஓட்டுவது யீல்டு-சேஃப் வகை மாதிரி, 2007-இல் வெளிவந்தது. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஏழே ஏழு சமன்பாடுகள், நாளுக்கு ஒரு முறை கணக்கு, மரத்தின் ஆயுள் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிகிறது. ஆனால் அதன் மண் ஒரே வாளி. மரமும் பயிரும் அதே வாளியிலிருந்து உறிஞ்சுகின்றன. 1996-இல் கேனல், வான் நூர்ட்விக், ஓங் மூவரும் சொன்னது நினைவிருக்கிறதா? பயிரால் எட்ட முடியாத வளத்தை மரம் எடுத்தால்தான் இரண்டையும் சேர்த்து வளர்ப்பதில் லாபம். ஆழத்து நீர் என்ற ஒன்றே இல்லாத வாளியிடம் போய், மரம் ஆழத்து நீரை எடுத்ததா என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

நான்கு மண்டலம், நான்கு அடுக்கு என்று மண்ணைப் பிரிக்கும் வாநுல்காஸ் என்ற மாதிரி இருக்கிறது. மண்ணைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி வேர் ஒவ்வொன்றிலும் எப்படிப் புகுகிறது என்று பார்க்கும் ஹை-சேஃப் இருக்கிறது. அவற்றுக்குத் தீனி போட வேர் அளவுகள் வேண்டும். யாரிடம் இருக்கிறது? குழி தோண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். தீனி இல்லாமல் பெரிய மாதிரியை ஓட்டினால் அளவுருக்களை, அதாவது உள்ளே போடும் எண்களை, இஷ்டத்துக்குத் திருகி எந்த விளைச்சலோடும் பொருத்திவிடலாம். அதற்கு என் வாளியே தேவலை. குறை இருந்தால் வெளியே தெரிகிறது.

காலமும் இருக்கிறது. பிரான்சில் மோம்பெல்லியே அருகே வால்நட் வரிசைகளுக்கிடையே கோதுமை போடுகிறார்கள். வால்நட் சோம்பேறி, கோதுமை பாதி வளர்ந்த பிறகுதான் துளிர்க்கும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹெலின் ஃபைதர்பியா மரம் இன்னும் விசித்திரம். மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு, வறண்ட காலத்தில் தழைக்கிறது. இலை விடும் தேதியை மாதிரியில் சில வாரம் தள்ளிப் பார், விடை எப்படித் துள்ளுகிறது என்று. அந்தத் தேதியை நாங்கள் பாதி இனங்களுக்குக் குத்துமதிப்பாகத்தான் போட்டிருக்கிறோம்.

எல்லாப் பிழையும் மரத்துக்குச் சாதகம் என்று நினைத்துவிடாதே. எங்கள் மாதிரியில் நிழல் என்றால் நட்டம் மட்டும்தான். மணி பிடிக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தினால் அதே நிழல் பயிரைக் காப்பாற்றும். அது அங்கே எழுதப்படவே இல்லை.

செல்வி, பயிர் மாதிரி தவறினால் அடுத்த பருவத்தில் வேறு விதை போடலாம். மரத்தை நட்டவர் எட்டாவது ஆண்டில், இடைவெளி போதவில்லை என்று கண்டுபிடித்தால் என்ன செய்வார்? வெட்டினால் விறகு விலை, விட்டால் பயிர் இல்லை. அட்டையில் அச்சாகும் எண்ணை நம்பி நடப்போவது எங்கள் பெரியவர் அல்ல. நட்டவர் உணரப்போவதும் சராசரியை அல்ல. மழை பொய்த்த ஆண்டில், மரம் முழு வளர்த்தியில் நிற்கும்போது, பயிர் என்ன ஆகிறது என்பதைத்தான். அதை மட்டும் தனியாக எடுத்து ஒரு படமாகப் போடுங்கள் என்றேன். "பயமுறுத்தாதீர்கள்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கடைசியில் ஒரு சமரசம். எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சு போடலாம், அதற்கு நான் ஆதாரம் காட்ட வேண்டும். காரியம் இருந்தால்தான் நான் கடிதம் போடுவதாக நீ அடிக்கடி சொல்வாயே, ஆமாம், இருக்கிறது. என் மர அளவுருக்கள் நெருக்கமான தோப்பிலிருந்து வந்தவை. அங்கே மரம் ஒல்லியாக உயர்கிறது. திறந்த வெளியில் நிற்கும் மரம் தடித்து, கிளை விரித்து, வேறு பிறவியாக இருக்கிறது. உன் வயல்களில் நிற்பவை அந்த ரகம். சுற்றளவு, உயரம், கவிகையின் அகலம், எந்த ஆண்டில் எவ்வளவு கவாத்து செய்தார்கள் என்று நீ பச்சை நோட்டுகளில் குறித்து வைத்திருக்கிறாயே, அவற்றைப் படம் எடுத்து அனுப்பு. உன் கையெழுத்தைப் படிக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். கோணல் மரங்களைக் கழித்துவிட்டு அழகானவற்றை மட்டும் அனுப்பினால் உன்னைச் சும்மா விட மாட்டேன். செத்த மரங்களும் வேண்டும், எந்த ஆண்டில் செத்தன என்பதோடு. கவாத்து தேதிதான் முதலில். மற்றவை பின்னால் வந்தாலும் போதும். மாத இறுதிக்குள் அறிக்கை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
கலா

பி.கு.: 'அளவுநாடா'வுக்கு நீயே ஒரு முறை பேசிவிடு. நான் சொன்னால், "செல்வி அளந்தாளா?" என்றுதான் திரும்பக் கேட்பார்.