தேன்குழலுக்கு ஒரு கடல் உறை

உ
சிவமயம்

ட்ரொண்ட்ஹைம், நார்வே
கார்த்திகை மாதம்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அப்பச்சி, அப்பத்தா எல்லாரும் சுகம்தானே? தினமும் போனில் பேசினாலும், அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நம் பலகார வியாபாரத்துக்காகக் கடல்பாசியில் நான் செய்த உறைகளை அனுப்பும் இந்தப் பார்சலோடு கடிதம். பாட்டையா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனபோது எழுதிய கடிதங்கள் இரண்டாங்கட்டுப் பெட்டியில் இருக்கின்றனவே, அதோடு இதையும் வையுங்கள்.

இங்கே காலை ஒன்பதரை தாண்டித்தான் சூரியன் எழும்புகிறது, மூன்று மணிக்கு முன்பே அடைந்துவிடுகிறது. முதல் மாதம் இந்த இருட்டு என்னைப் படுத்திவிட்டது. மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் பிட்டு வரும். பிள்ளையார் நோன்புக்குத் திரி ஏற்றி இழை எடுத்துக்கொள்ள மாவு பிடித்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, கவலைப்படாதீர்கள்.

"பாசியை வச்சு என்னத்தா பண்றே?" என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தக் கடலோரப் பாறைகளில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பழுப்புப் பாசி வளர்கிறது. அதிலிருந்து அல்ஜினேட் என்ற பொருளை எடுக்கிறார்கள். அப்பத்தாவுக்குப் பல்செட் கட்டும்போது வாயில் குழைத்து வைத்து அச்சு எடுத்தார்களே, அந்த மாவு இதுதான். தண்ணீரில் கரைத்தால் கஞ்சி போல் இருக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கரைசலில் சொட்டினால் விழுந்த இடத்திலேயே ஜவ்வரிசி மாதிரி உருண்டு இறுகிவிடும். அதே கஞ்சியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்தினால் கண்ணாடித்தாள் மாதிரி உரித்து எடுக்கலாம். கொஞ்சம் கிளிசரின் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பளமாக நொறுங்கும். என் முதல் பத்துத் தாள்கள் அப்படித்தான் போயின.

இங்கே வருஷத்துக்குச் சுமார் 1.5 லட்சம் டன் பாசி அறுக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் அறுத்தால் அடுத்த அறுப்பு ஐந்தாவது வருஷம்தான். நம் பக்கம் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தி வைப்பது போல இதுவும் ஒரு கட்டுப்பாடு. கடலிலிருந்து எடுக்கிறோம் என்பதாலேயே அது நல்ல காரியம் ஆகிவிடாது, அளவு தெரிந்து எடுக்க வேண்டும். ராமேசுவரம் போகும் வழியில் மண்டபம் ஊர்ப் பக்கம் பெண்கள் கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதும், மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்ப்பதும் உங்களுக்குத் தெரியும். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கடலின் அருமையை நான் இவ்வளவு தூரம் வந்துதான் படித்தேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இங்கே ஆய்வுக்கூடத்தில் முதலில் என்னை இறால் ஓட்டில் தாள் செய்யும் வேலையில்தான் போட்டார்கள். ஒரு கிலோ இறால் வாங்கினால் கிட்டத்தட்டப் பாதி தலையும் ஓடுமாகத்தானே போகிறது? அந்த ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும், காரத்தில் ஊறவைத்தால் புரதம் போகும், மிஞ்சுவது கைட்டின். அதைக் கெட்டியான காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான். வினிகர் போன்ற லேசான அமிலத்தில்தான் கரையும் என்பதால் ஆய்வுக்கூடமே ஊறுகாய்ப் பானை மாதிரி மணக்கும். கிருமியை அண்டவிடாத குணம் அதற்கு இயல்பிலேயே உண்டு. அருமையான பொருள்தான். ஆனால் ஒரு நாள் உலர்ந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை நினைத்தேன். கல்யாணச் சீருக்கும் கோயிலுக்கும் போகிற பலகாரத்தை இறால் ஓட்டில் சுற்றித் தருவீர்களா? இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பயம் இருக்கும். மறுநாளே பாசிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், போன தடவை ஊருக்கு வந்தபோது ஊருணிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். தாமரை இலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்தது. நம் வீட்டு முகவரி அச்சடித்த தேன்குழல் கவர். உள்ளே காசளவு எண்ணெய் அப்படியே பளபளத்தது. உங்களிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக நாம் குடித்த தண்ணீர் அது.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பலகாரத்துக்கு இரண்டு எதிரி. காற்றுப் பட்டால் எண்ணெய் காறல் அடிக்கும், ஈரம் பட்டால் நமத்துப் போகும். பாசித்தாள் காற்றை நன்றாகத் தடுக்கிறது. ஈரத்தை மட்டும் விட்டுவிடுகிறது, தானே ஊறவும் செய்கிறது. அதனால் வெளிப்பக்கம் தேன்மெழுகு பூசிப் பார்த்தோம். இங்கே பெட்டிக்குள் ஈரத்தைக் கூட்டி வைத்துச் சோதித்ததில் பரவாயில்லை. ஆனால் காரைக்குடி மழைக்காலமும், உங்கள் அடுப்படி ஆவியும், ஒரு நாளில் பத்துத் தடவை திறக்கும் அலமாரியும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அங்கே தாங்கினால்தான் தாங்கியதாக நான் ஒத்துக்கொள்வேன்.

பார்சலில் 12 உறை இருக்கிறது. நோன்பு முடிந்ததும் தேன்குழலை நன்றாக ஆறவிட்டு மூன்று உறையில் போடுங்கள். அதே அளவு நம் வழக்கமான கவரிலும், எவர்சில்வர் தூக்கிலும் வையுங்கள். மனகோலம் வேண்டாம், வெல்லப்பாகு ஈரத்தை இழுத்துக் கணக்கைக் குழப்பிவிடும். கவர் ஒட்டும் மிஷினில் இந்த உறையை வைக்காதீர்கள், கருகும். உள்பக்க ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். போடும்போது மின்தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 3, 7, 15ஆம் நாள் ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுத்துவிட்டுப் பிரியுங்கள். எடை கூடியிருந்தால் கூடியது ஈரம்தான். அப்புறம் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்து, சத்தம் எப்படி என்று அப்பத்தாவைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காதை மிஞ்சிய கருவி இங்கே இல்லை.

பிரித்த உறையைக் கிணற்றடி வாழைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பத்து நாளைக்கு ஒரு தரம் அப்பச்சியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி உறைகள் ஓலைக் கொட்டானுக்குள் இருக்கட்டும், பரணில் வேண்டாம், எலி தின்றுவிடும்.

உங்கள் மகள்