சோலைக் கன்றுகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கொடைக்கானல் மேல்மலை

அன்புடையீர்,

நம் நாற்றங்காலில் வளர்த்து இந்த மழைக்கு நட்ட சோலை (மலைமடிப்புக் காடு) மரக் கன்றுகளைப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "மூணு வருசம் வளத்தும் முழங்கால் உசரந்தானா?" ஆமாம், அவ்வளவுதான். சீகை (சீயக்காய் அல்ல, வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) என்றால் அதற்குள் வீட்டுக் கூரையைத் தாண்டியிருக்கும். அந்த வேகத்தை நம்பித்தான் ஒரு காலத்தில் புல்வெளியெல்லாம் சீகையை நட்டார்கள். பலனை இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் நன்றி, விதை எடுக்கத் தாய்மரங்களைக் காட்டிய பூம்பாறை, மன்னவனூர்ப் பெரியவர்களுக்கு. மலைநாவல் விதை வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். சதையைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி, ஒரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். காட்டுச் செண்பக விதையின் சிவப்புத் தோலில் எண்ணெய்ப் பசை உண்டு. சாம்பல் போட்டுத் தேய்த்து எடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) விதையோ மூக்குப்பொடி மாதிரி, தும்மினால் போச்சு. அதை மண்ணால் மூடக் கூடாது, ஈரப்பாசியின் மேல் தூவி, பூத்தெளிப்பானால் பனிபோலத் தெளிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளே, "முளைச்சிருச்சா" என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதை நிறுத்தியதற்குத் தனி நன்றி! மேலே ஒன்றும் தெரியாத நாளிலேயே கீழே வெள்ளை நூலாக வேர் இறங்கியிருக்கும். கிளறினால் ஒடிவது அதுதான்.

டீக்கடைக்காரர்கள் தந்த அரை லிட்டர் பால் கவர்கள்தான் எங்கள் தொட்டிகள். அடியின் இரு மூலைகளையும் வெட்டி, காட்டு மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பினோம். மாதம் ஒருமுறை கவர்களை இடம் மாற்றிக் கொடுத்த அக்காமார் இல்லையென்றால் ஆணிவேர் தரைக்குள் இறங்கி, எடுக்கும்போது அறுந்திருக்கும். யூரியா மூட்டையோடு வந்து, வேண்டாம் என்றதும் கோபிக்காமல் திரும்பிய விவசாய நண்பருக்கும் நன்றி. யூரியா போட்டால் கொழுந்து தளதளவென்று வரும். முதல் உறைபனியிலேயே கருகும்.

மார்கழி, தையில் இருட்டோடு வந்து, வெயில் ஏறுமுன் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தவர்களின் விரல்கள் விறைத்ததை மறக்கமாட்டோம்.

நட்டபோது சீகையை மொட்டையாக வெட்டாமல் நிழலுக்கு விட்டது நல்லதாயிற்று. குழி ஒன்றரை அடி. பெரணித் தழையைச் சுற்றிலும் குத்தி, காட்டுமாடு மிதிக்காமல் முள் அடைத்தோம். கவர்களைக் கிழித்துக் கீழே கொண்டுவந்தாயிற்று.

அடுத்த விதைப்புக்கும் பால் கவர் வேண்டும். கழுவி, கவிழ்த்துக் காயவைத்துக் கொடுங்கள். புளித்த வாடைக்கு எலி வருகிறது.

நன்றியுடன்,
நாற்றங்கால் பணியாளர்கள்