வீடு மாறுவோரின் முகவரியை ஒரே விண்ணப்பத்தில் மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
வாடகை வீட்டில் வசிக்கும் குடும்பத் தலைவி ஒருவர்

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: வீடு மாறும் குடும்பங்கள் இ-சேவை வழியாக ஒரே விண்ணப்பத்தில் முகவரி மாற்றம் செய்ய வழிவகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். என் கணவரின் பணி காரணமாக ஆறு ஆண்டுகளில் மூன்று முறை வீடு மாறியுள்ளோம். ஒவ்வொரு முறையும் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வாகனப் பதிவுச் சான்று என அதே முகவரியைத் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகச் சான்று காட்ட வேண்டியிருந்தது. கடைசியாகக் குடியேறிய வீட்டின் உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் தர மறுத்துவிட்டார். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றாலும், வீடு கிடைப்பதே அரிதாக இருக்கையில் குடியிருப்பவர் அதை வலியுறுத்த முடிவதில்லை. ஒப்பந்தம் இல்லாததால் ஆதாரில் முகவரி மாறவில்லை. ஆதாரில் மாறாததால் குடும்ப அட்டையிலும் மாற்ற இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

வாகன உரிமையாளர் முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு கூறுகிறது. கையில் சான்றே இல்லாதவர் இந்தக் கெடுவை எப்படிக் காப்பது? 2020 முதல் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்க முடிகிறது என்பது எங்களைப் போன்றோருக்குப் பேருதவி. அரிசி எங்களைத் தேடி வந்துவிட்டது, முகவரிதான் இன்னும் பழைய ஊரிலேயே நிற்கிறது.

ஆதாரும் வாக்காளர் பட்டியலும் மாநில அரசின் பொறுப்பில் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் குடும்ப அட்டையும் சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளும் மாநிலத் துறைகளிடமே உள்ளன. எனவே, விண்ணப்பதாரர் எந்தெந்தத் துறைகளுக்கு ஒப்புதல் தருகிறாரோ அவற்றுக்கு மட்டும் புதிய முகவரி ஒரே விண்ணப்பத்திலிருந்து சென்று சேரவும், ஒவ்வொரு துறையிலும் மாற்றம் முடிந்ததும் குறுஞ்செய்தி வரவும் ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, குறித்த நாட்களுக்குள் குடியிருப்பை உறுதி செய்யும் முறையும் வேண்டும். இதுவே என் கோரிக்கைகளில் முதன்மையானது. கைபேசி இயக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்கள் ஒரே நாள் வேலையை விட்டு இ-சேவை மையத்துக்கு வந்தால் எல்லாம் முடிய வேண்டும். இன்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நாள் கூலியை அவர்கள் இழக்கிறார்கள்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்