நிழல் தெற்கே விழுகிறது: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலகத்தாருக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் சாலையில் தாங்கள் நிறுத்தியிருக்கும் வரவேற்புப் பலகையில் உள்ள வயல் படம் என்னுடையது என்பதும், அது குறித்து மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன் என்பதும் தாங்கள் அறிந்ததே. படத்தின் மூலையிலிருந்த என் பெயரைத் தாங்கள் வெட்டிவிட்டீர்கள். மரியாதை கருதித் தங்கள் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

பெயர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எழுத்துகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தையே இடவலமாகப் புரட்டியிருக்கிறீர்கள். அது கல்லிடைக்குறிச்சி வயல்வெளியிலிருந்து மேற்கே பொதிகையைப் பார்த்து மார்கழியில் எடுத்தது. அந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், வரப்புப் பனையின் நிழல் வலப்பக்கமாக, வடக்கு நோக்கிச் சாயும். தங்கள் பலகையில் அது தெற்கே விழுகிறது. மலைமுகடுகளும் வரிசை மாறி நிற்கின்றன. எதிரேயுள்ள டீக்கடையில் நான் நின்றிருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்தூரு மலைவே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

பாளையங்கோட்டை ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறையில் பிலிம் கழுவும் பையனாகத் தொடங்கியவன் நான். கல்யாண வீடுகளில் சம்பாதித்த காசையெல்லாம் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலும் கட்ச் உப்புவெளியிலும் செலவழித்து, 30 ஆண்டுகள் சுற்றிய பின்னரே வீட்டுக்கு எதிரிலுள்ள மலையை எடுக்கும் துணிவு வந்தது. அதற்காக 11 விடியற்காலைகள் பிசானப் பருவ நெல்லின் வரப்பில் டிரைபாடை ஊன்றி, பனியில் நனைந்து நின்றேன். கடைசி நாளில்தான் முகில் நான்கு நிமிடம் விலகியது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவெழுச்சியை எடுத்தபோது, ஒளியை அளக்கும் ஒளிமானி கைக்கு அகப்படாமல் நிலவின் ஒளியை மனக்கணக்காகப் போட்டு ஒரு படம் எடுத்தார்; இரண்டாவது எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. என் நான்கு நிமிடமும் அத்தகையதே. அருள்கூர்ந்து படத்தை நேராக்குங்கள்.

"நம்ம ஊருக்குத்தானே போட்டிருக்கோம், பெருமைப்படுங்க" என்பதே தங்களிடமிருந்து வந்த ஒரே பதில். பலகைக்கு இரும்பு அடித்தவருக்கும் பிளெக்ஸ் அச்சிட்டவருக்கும் கூலியைப் பெருமையாகவா கொடுத்தீர்கள்? நாளை இடம் போதவில்லை என்றால் தாமிரபரணியையும் மலையேறச் சொல்வீர்களோ? மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

படைத்தவரின் பெயரைச் சிதைக்காமலும் படைப்பைத் திரிக்காமலும் காக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு உண்டு. ஆயினும் வழக்காட வரவில்லை, பணமும் கேட்கவில்லை. படத்தைத் தைப்பொங்கலுக்குள் நேராக்கி, ஓரத்தில் சிறிய எழுத்திலேனும் பெயரிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சரியான கோப்பை நானே கொண்டுவந்து தருகிறேன். அதுவும் இயலாதெனில் படத்தை இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பலகையில் பெயர் இல்லாதவன்,
கல்லிடைக்குறிச்சி.