ஓவியத்தைக் கைவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க நகரங்களில் வயதுவந்தோருக்கான மாலை வகுப்புகளில், செலவைக் காரணம் காட்டிக் கலை வரலாறு நிறுத்தப்படுவது பற்றிய தங்கள் செய்தி வருத்தமளித்தது. அரசியல் வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியத்தை ஒதுக்குவது சரியல்ல. எங்கள் ஊர் நூலக வகுப்பில் ஆசிரியை இரண்டு டாலர் நோட்டு ஒன்றைக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னார். பின்புறம் ஜான் டிரம்புல்லின் 'சுதந்திரப் பிரகடனம்' ஓவியம். பலரும் கருதுவதுபோல் அது கையெழுத்திடும் காட்சியல்ல. 1776 ஜூன் 28 அன்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுத அமைக்கப்பட்ட ஐவர் குழு, தன் வரைவை காங்கிரஸ் பேரவையிடம் ஒப்படைக்கும் காட்சி. அந்த வரைவில் குழு உறுப்பினர் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய அடிமை வணிகக் கண்டனம் பின்னர் ஏன் நீக்கப்பட்டது என்பதுவரை அன்று விவாதம் நீண்டது.

இரு பாடங்களையும் ஒரே வகுப்பாக இணைத்தால் செலவும் குறையும். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் இணையத்தில் இலவசமாகத் தரும் படங்களைப் பயன்படுத்தலாம். நூலக நிர்வாகங்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

– வாசகர், நியூ ஜெர்சி