மருத்துவப் பக்கத்தில் நகங்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த தீபாவளிக்கு முதல்நாள் அம்மாவுக்கு மருதாணி வைக்க உட்கார்ந்தபோது, கழுவிய கையை அவர் உதறிய பிறகும் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழியாமல் தேங்கி நின்றதைக் கண்டேன். நகம் கரண்டிபோல் குழிந்து, ஓரங்கள் மேலெழும்பியிருந்தன. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் பல மாதங்களாகச் சொல்லிவந்ததை, வயதாகிவிட்டது என்று நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. முட்டிவலிக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளால் இரைப்பையில் புண்ணாகி, சிறுகச் சிறுக இரத்தம் கசிந்திருப்பது பின்னர் எண்டோஸ்கோபியில் தெரிந்தது. நாங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் புண் வெளியே தெரியாமலே போயிருக்கும்.

நம் வீடுகளில் நகம் என்றாலே வெள்ளைப் புள்ளிதான் பேச்சு. பிள்ளையின் நகத்தில் அதைக் கண்டதும் கால்சியம் போதவில்லை என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் அது நகத்தின் அடியில் எப்போதோ பட்ட சிறு அடியின் தடம்; கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்வதால் தானாகவே நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுவிடும். 1846இல் போ (Beau) என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த, கடுங்காய்ச்சலுக்குப் பின் நகங்களில் ஒருசேரத் தோன்றும் குறுக்குப் பள்ளமும் வளர்ச்சி சிறிது காலம் தடைபட்டதன் அடையாளமே.

அஞ்ச வேண்டியவை வேறு. இரு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் பொருத்தினால் நடுவே வைர வடிவில் ஒரு சிறு சந்து தெரிய வேண்டும். விரல்நுனி பருத்து அந்தச் சந்து மறைந்துபோயிருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத்தவருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் ஓடுவது இயல்புதான். ஆனால், ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடு, அதிலும் கருமை நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்தால், புற்றுநோயாக இருக்கக்கூடும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

நகத்தை மட்டும் பார்த்து எந்த நோயையும் முடிவுசெய்ய முடியாது என்பதை அறிவேன். ஆயினும் நகச்சாயத்தை அழித்துவிட்டு டாக்டரிடம் போகவேண்டும் என்பதைக்கூட நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. மருதாணியோ நகம் வளர்ந்து வெட்டும்வரை போகாது. ஆகவே, தங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில், தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, படங்களுடன் இதை விளக்கி வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு முன்பே வந்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு